ஜிமெயில் கைமாறாமல் இருக்க: வாசல் பூட்டும் கொல்லைக் கதவும்

புது போன் வாங்கிய கையோடு, "அண்ணே, அப்படியே ஒரு மெயில் ஐடியும் போட்டுக் கொடுத்திருங்க" என்று கடைக்காரரிடம் சொல்லி உருவான ஜிமெயில் கணக்குகள் நம் ஊரில் ஏராளம். பாஸ்வேர்டு பெயரும் பிறந்த வருடமுமாக இருக்கும். இல்லையென்றால் பெயர், அட் குறி, 123. சிலவற்றில் மீட்பு எண்ணாகக் கடைக்காரரின் எண்ணே இன்னும் உட்கார்ந்திருக்கும். பிறகு அதே கணக்கில்தான் வருமான வரி, பிஎஃப், ரயில் டிக்கெட், வங்கி ஸ்டேட்மென்ட், இன்ஸ்டாகிராம் எல்லாம் வந்து சேர்கின்றன. எந்தத் தளத்தில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினாலும் புதுச் சாவி வந்து விழுவது இந்த இன்பாக்ஸில். திருட வருகிறவன் குறி வைப்பது அந்தச் சாவிக்கொத்தைத்தான்.

பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாக ஊகித்து நுழைவது இப்போது அரிது. கணக்குகள் பெரும்பாலும் போவது வேறு வழிகளில்: வேறொரு தளத்தில் கசிந்த அதே பாஸ்வேர்டு, போலி லாகின் பக்கம், கணினியிலோ போனிலோ புகுந்த வைரஸ், கைவிட்டுப்போன மீட்பு எண். கீழே ஜிமெயிலை வைத்தே சொல்லியிருக்கிறோம். அவுட்லுக், யாகூ வைத்திருப்பவர்களுக்கும் வேலை இதேதான், மெனுவின் பெயர்கள் மட்டும் மாறும்.

மீட்பு எண்ணிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் பாஸ்வேர்டில் தொடங்குவார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது மீட்பு வழிகள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அதில் கூகுள், அதில் 'மேனேஜ் யுவர் கூகுள் அக்கவுண்ட்' போங்கள். மேலே வரிசையாக இருக்கும் பிரிவுகளில் 'செக்யூரிட்டி' என்று தொடங்குவதைத் திறந்தால் 'ரெகவரி போன்', 'ரெகவரி இமெயில்' இரண்டும் தெரியும். அதில் இருக்கும் எண் இன்றைக்கு உங்கள் கையிலுள்ள சிம்தானா என்று பாருங்கள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் செத்துப்போய், இந்தியாவில் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குப் புது எண்ணாக வழங்கப்படும். அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் உங்கள் கணக்கின் ஓடிபி அவர் போனில் போய் மணியடிக்கும். மீட்பு மெயிலிலும் இதே கதை உண்டு. யாகூ 2013-ல், பயன்படாமல் கிடந்த முகவரிகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்தது. காலேஜ் காலத்து யாகூ ஐடியை மீட்பு முகவரியாக வைத்துவிட்டு அதைத் திறந்தே பார்க்காதவர்கள் இன்றே மாற்றிவிடுவது நல்லது. கூகுளும் 2 ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் கணக்கை அழித்துவிடும். ஆகவே மீட்பு மெயிலாக வைத்திருக்கும் கணக்கை வருடத்துக்கு இரண்டு முறையாவது திறந்து பாருங்கள்.

எண் மாற்றும்போது பலர் தவறவிடும் இடம் ஒன்று: மீட்பு எண் வேறு, 2-ஸ்டெப் வெரிஃபிகேஷனுக்கு (பாஸ்வேர்டுக்குப் பிறகு நடக்கும் இரண்டாவது சரிபார்ப்பு) கொடுத்த எண் வேறு. இரண்டும் ஒரே எண்ணாக இருந்தாலும் பட்டியல் இரண்டு. ஒன்றில் மாற்றிவிட்டு மற்றதை மறந்தால் பழைய சிம்முக்கே ஓடிபி போய்க்கொண்டிருக்கும்.

பாஸ்வேர்டு

ஜிமெயிலுக்கு வைக்கும் பாஸ்வேர்டை வேறு எந்தத் தளத்திலும் வைக்காதீர்கள். நீளமும் சிறப்புக் குறிகளும் இதற்கு அடுத்தபடிதான். யாகூவிலிருந்து 2013-ல் திருடுபோனது 300 கோடிக் கணக்குகளின் விவரம். இப்படிக் கசியும் பட்டியல்களை எடுத்து, அதே மெயிலையும் பாஸ்வேர்டையும் நூறு தளங்களில் தானாகப் போட்டுப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஏதோ ஒரு துணிக்கடைத் தளத்தில் வைத்த பாஸ்வேர்டு ஜிமெயிலுக்கும் அதுவேயானால், கடையில் நடந்த திருட்டு உங்கள் வீட்டுத் திருட்டாகிவிடும். உங்கள் முகவரி இதுவரை எந்தெந்தக் கசிவில் சிக்கியிருக்கிறது என்று பார்க்க, ஆஸ்திரேலியரான ட்ராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளம் போதும். அதில் மெயில் முகவரியை மட்டும் கொடுத்தால் போதும், பாஸ்வேர்டு தேவையில்லை.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் 20 எழுத்துக்கு மேல் வந்துவிடும், நினைவிலும் நிற்கும். அம்மி, சைக்கிள், மழை, பதினேழு என்பதுபோல. பாட்டு வரி, பழமொழி, குலதெய்வத்தின் பெயர் வேண்டாம், அவற்றை ஊகித்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற பழைய அறிவுரையையும் விட்டுவிடலாம். தரநிலைகளை வகுக்கும் அமெரிக்காவின் என்ஐஎஸ்டி அமைப்பே 2017-ல் தன் வழிகாட்டுதலில் அந்தக் கட்டாயத்தைக் கைவிடச் சொன்னது, ஏனென்றால் அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டி வைப்பார்கள். கசிந்தது என்று தெரிந்தால் உடனே மாற்றுங்கள், இல்லையேல் அப்படியே இருக்கட்டும்.

மற்றத் தளங்களுக்கெல்லாம் பாஸ்வேர்டு மேனேஜர் வைத்துக்கொள்ளுங்கள். குரோமுக்குள் இருப்பதே போதும். பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி போன்றவையும் உண்டு. நினைவுச் சுமை குறைவதைவிடப் பெரிய லாபம் ஒன்று இதில் இருக்கிறது. மேனேஜர் தள முகவரியைப் பார்த்துத்தான் பாஸ்வேர்டை நிரப்பும். அச்சுஅசலாகக் கூகுள் பக்கம் போலவே இருந்தாலும், முகவரி வேறென்றால் கட்டம் காலியாகவே நிற்கும். எப்போதும் தானாக நிரம்பும் கட்டம் திடீரென்று நிரம்பவில்லையானால், கையால் தட்டச்சு செய்யப் போகாமல் முகவரியைப் பாருங்கள்.

இரண்டாம் பூட்டு

அதே செக்யூரிட்டி பக்கத்தில் '2-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' இருக்கும். அதற்குள் பல வகைகள். எல்லாம் ஒரே பலம் உடையவை அல்ல.

எஸ்எம்எஸ் ஓடிபி ஒன்றுமே இல்லாததற்குத் தேவலை. யாராவது உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கினால் ஓடிபி அவருக்குப் போகும். 'நெட்வொர்க் இல்லை' என்று போன் மணிக்கணக்கில் காட்டி, பக்கத்தில் அதே கம்பெனி சிம் வைத்திருப்பவருக்கு மட்டும் டவர் இருந்தால், சும்மா இருக்காமல் வேறு போனிலிருந்து சேவை மையத்தைக் கூப்பிடுங்கள்.

அத்தென்டிகேட்டர் ஆப் அடுத்த படி. 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்க எண் போனுக்குள்ளேயே உருவாகிறது, சிம் இல்லாவிட்டாலும் வரும். ஆனால் போலிப் பக்கத்தில் அந்த எண்ணை நீங்களே தட்டினால், மறுமுனையில் இருக்கும் நிரல் அதே விநாடியில் அதை உண்மையான கூகுளில் போட்டு உள்ளே போய்விடும். இன்னொன்று: போனை மாற்றும்போது பழைய போனை ஃபார்மேட் செய்வதற்கு முன் ஆப்பில் உள்ள கணக்குகளைப் புதிய போனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபின் இது ஞாபகம் வந்து பயனில்லை.

இருப்பவற்றில் நல்லது பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனின் பூட்டையே சாவியாக்கும் முறை. கூகுள் இதைச் சாதாரணக் கணக்குகளுக்கு 2023 மே மாதத்தில் திறந்துவிட்டது. ஆண்ட்ராய்டு 9-க்கு மேல், ஐபோனில் ஐஓஎஸ் 16-க்கு மேல் இயங்கும். போனைத் திறக்கும் கைரேகையோ பின் எண்ணோதான் லாகின். பாஸ்கீ எந்தத் தளத்துக்காக உருவானதோ அந்த முகவரியில் மட்டுமே இயங்கும், ஆகவே போலிப் பக்கத்துக்குக் கொடுக்க நம்மிடம் எதுவும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் பின் தெரிந்த போனிலும், அலுவலகத்தின் பொதுக் கணினியிலும் மட்டும் பாஸ்கீ போடாதீர்கள். அதைத் திறக்கத் தெரிந்த எவரும் உங்கள் மெயிலையும் திறப்பார்.

எந்த வகையை வைத்தாலும் 'பேக்அப் கோட்ஸ்' எடுத்து வையுங்கள். 8 இலக்கம் உள்ள 10 எண்கள் வரும், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். புதுத் தொகுதி எடுத்தால் பழையது செல்லாது. அதைப் போட்டோ எடுத்துக் கூகுள் போட்டோஸில் வைப்பது, வீட்டைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குள்ளேயே வீசுவதற்குச் சமம். தாளில் அச்சடித்துப் பத்திரம் வைக்கும் பெட்டியில் போடுங்கள்.

போலி மெயிலைப் பிரித்துப் பார்ப்பது

2016 மார்ச்சில், ஹிலாரி கிளின்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு ஒரு மெயில் வந்தது. உங்கள் பாஸ்வேர்டு யாரிடமோ இருக்கிறது, உடனே மாற்றுங்கள் என்று கூகுள் எழுதியதுபோல இருந்தது. கீழே ஒரு நீலப் பொத்தான், அதற்குப் பின்னால் சுருக்கப்பட்ட லிங்க். அந்த ஒரு அழுத்தலில் அவருடைய மெயில்கள் ஆயிரக்கணக்கில் ஊருக்கே அம்பலமாயின. பத்து ஆண்டு ஆகியும் மெயிலின் வடிவம் அதேதான்: பயமுறுத்தும் ஒரு வரி, நேரக் கெடு, ஒரு பொத்தான்.

பார்க்க வேண்டியது பொத்தானுக்குப் பின்னால் உள்ள முகவரி. கணினியில் மவுஸை அதன் மேல் வைத்தால் கீழ் மூலையில் தெரியும், போனில் விரலை அழுத்திப் பிடித்தால் தெரியும். இப்படி வந்தது என்று வையுங்கள்:

அக்கவுண்ட்ஸ்.கூகுள்.காம்.வெரிஃபை-நவ்.இன்/லாகின்

இடமிருந்து படித்தால் கூகுள் என்றே தோன்றும். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் நில்லுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். 'இன்', அதற்கு முன் 'வெரிஃபை-நவ்'. தளத்துக்குச் சொந்தக்காரர் அவர்தான். அதற்கு முன்னால் உள்ள கூகுள்.காம் அவரே எழுதி மாட்டிய பெயர்ப்பலகை. பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்று கேட்கலாம். பூட்டு, இடையில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்லும். திருடனும் இலவசமாகப் பூட்டு வாங்கலாம்.

அனுப்பியவர் பெயரையும் நம்ப வேண்டாம். பெயரை யார் வேண்டுமானாலும் எப்படியும் எழுதிக்கொள்ளலாம், அடைப்புக்குள் இருக்கும் முகவரிதான் கணக்கு. சந்தேகம் மிஞ்சினால் கணினியில் மெயிலின் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்கள். அனுப்பிய இடத்தைச் சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று வரிகளில் 'பாஸ்' என்றிருந்தால், சொல்லப்பட்ட டொமைனிலிருந்துதான் (முகவரியில் அட் குறிக்குப் பின் வரும் பெயர்) வந்திருக்கிறது என்று பொருள். அந்த டொமைன் நல்லவருடையதா என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. நண்பருடைய கணக்கே கைமாறியிருந்தால் மூன்றும் பாஸ்தான்.

இந்த ஆராய்ச்சியெல்லாம் அலுப்பாக இருந்தால் ஒரு வழக்கம் போதும். பாதுகாப்பு எச்சரிக்கை என்று எந்த மெயில் வந்தாலும் அதிலுள்ள லிங்கைத் தொடாமல், நீங்களாகக் கணக்குப் பக்கத்தைத் திறந்து 'ரீசென்ட் செக்யூரிட்டி ஆக்டிவிட்டி' பாருங்கள். எச்சரிக்கை உண்மையானால் அங்கேயும் அது இருக்கும். அங்கே இல்லாவிட்டால் மெயில் பொய்.

இணைப்புக் கோப்புகள்

2000 மே 4-ல் உலகத்தைச் சுற்றிவந்த 'ஐ லவ் யூ' வைரஸின் கோப்புப் பெயர் 'லவ்-லெட்டர்-ஃபார்-யூ.டிஎக்ஸ்டி.விபிஎஸ்'. கோப்பின் வகையைச் சொல்லும் கடைசிப் பின்னொட்டு தனக்குத் தெரிந்ததானால் விண்டோஸ் அதை மறைத்துவிடுவதால், கடைசியில் இருந்த விபிஎஸ் பலர் கண்ணுக்குத் தெரியவில்லை. வெறும் டெக்ஸ்ட் கோப்பு என்று திறந்தார்கள். அது நிரலாக ஓடி, அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. விண்டோஸ் இன்றைக்கும் பின்னொட்டை மறைத்துத்தான் வருகிறது. விண்டோஸ் 11-ல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து 'வியூ', 'ஷோ', 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று டிக் போட்டுவிடுங்கள். அரை நிமிட வேலை. அதன்பின் 'பில்.பிடிஎஃப்.எக்ஸி' என்பது தன் முழுப் பெயரோடு வந்து நிற்கும்.

எக்ஸி, விபிஎஸ், ஜேஎஸ், பேட் போன்ற ஓடும் கோப்புகளை ஜிமெயிலே தடுத்துவிடும், ஜிப்புக்குள் வைத்தாலும் தடுக்கும். அதனால் அனுப்புகிறவர்கள் வேறு வழி பிடித்தார்கள். பாஸ்வேர்டு போட்ட ஜிப்பை ஜிமெயிலால் பிரித்துச் சோதிக்க முடியாது. ஜிப்பும், அதைத் திறக்கும் பாஸ்வேர்டும் ஒரே மெயிலில் வந்தால் அந்தப் பூட்டு உங்களுக்காகப் போட்டதல்ல, சோதனைக்காரனிடமிருந்து தப்பப் போட்டது. ஹெச்டிஎம்எல் (வலைப்பக்கக் கோப்பு) இணைப்பு இன்னொரு வகை. அதைத் திறந்தால் உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு லாகின் பக்கம் விரியும். முகவரிப் பட்டையில் தளப் பெயருக்குப் பதிலாக 'ஃபைல்' என்று தொடங்கும் நீளமான பாதை இருக்கும். வேர்டு, எக்செல் கோப்பில் 'எனேபிள் கன்டென்ட்' என்று மஞ்சள் பட்டை வந்தால் அழுத்தாதீர்கள். இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோவை (கோப்புக்குள் ஒளிந்திருக்கும் சிறு நிரல்) மைக்ரோசாஃப்ட் 2022 முதல் தானாகவே தடுத்துவைக்கிறது. ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய் 'அன்பிளாக்' டிக் போடுங்கள் என்று மெயிலிலேயே யாராவது பாடம் நடத்தினால் அது திருட்டு.

திறந்தே பார்க்க வேண்டிய கோப்பானால், டவுன்லோடு செய்யாமல் ஜிமெயிலின் பிரிவ்யூவிலேயே பாருங்கள். கோப்பு விரிவது கூகுளின் கணினியில். உங்களுக்குத் தெரிவது அதன் படம்.

இப்போது அதிகம் சேதம் செய்வது தகவல் திருடும் வைரஸ்கள். இவை பாஸ்வேர்டோடு நிற்பதில்லை. ஜிமெயிலில் ஒருமுறை லாகின் செய்தால், 'இவர் சரிபார்க்கப்பட்டவர்' என்று பிரவுசருக்குள் ஒரு குக்கீ உட்கார்ந்துகொள்ளும். தியேட்டரில் இடைவேளைக்கு வெளியே போய் வருபவருக்குக் கையில் குத்தும் முத்திரை மாதிரி. அந்த முத்திரையைப் பிரதியெடுத்துக்கொண்டவனிடம் டிக்கெட் கேட்பதில்லை. 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பெரிய யூடியூப் சேனல் இப்படித்தான் கைமாறியது. விளம்பர ஒப்பந்தம் போல வந்த ஒரு கோப்பை ஊழியர் ஒருவர் திறந்தார், அவ்வளவுதான். 2-ஸ்டெப் இருந்தும் பயனில்லை.

இந்த வைரஸ்கள் வருவது பெரும்பாலும் கிராக் செய்த போட்டோஷாப், விளையாட்டில் குறுக்கு வழியில் ஜெயிக்க உதவும் 'சீட்' கோப்பு, இலவச விண்டோஸ் ஆக்டிவேட்டர் வழியாக. ஆக்டிவேட்டர் போடும்போது 'முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யுங்கள்' என்று குறிப்பு இருக்குமே, அதை ஒருகணம் நின்று யோசித்தவர் குறைவு. புதிதாக இன்னொரு தந்திரமும் ஓடுகிறது. நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல்-வி, பிறகு என்டர் என்று ஒரு பக்கம் சொல்லும். அந்தப் பக்கம் முன்னமே உங்கள் கிளிப்போர்டில் ஒரு கட்டளையை நகலெடுத்து வைத்திருக்கும். அந்த மூன்று அழுத்தலில் வைரஸை நீங்களே கைப்பட நிறுவிவிடுகிறீர்கள். எந்த உண்மையான கேப்சாவும் விண்டோஸ் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது.

ஆன்டிவைரஸுக்குத் தனியாகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை, விண்டோஸோடு வரும் டிஃபென்டர் போதும். ஆனால் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அப்டேட் வராத கணினியில் மெயில் பார்ப்பது ஓட்டைக் குடையோடு மழையில் போவதுதான்.

போனில் நடப்பது

நம் ஊரில் போன் வழியாக வரும் பெரிய ஆபத்து, ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் ஏபிகே கோப்பு. வாட்ஸ்அப்பில் 'திருமண அழைப்பிதழ்' என்றோ, போக்குவரத்து அபராதச் சலான் என்றோ வரும், அதுவும் தெரிந்தவர் எண்ணிலிருந்தே. அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரலாம், ஆப்பாக வராது. நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியோ, 'ஆக்சஸிபிலிட்டி' அனுமதியோ கேட்கும். முதலாவது ஓடிபியைப் படிக்கும். இரண்டாவது திரையையே படித்து, உங்கள் சார்பில் பொத்தானும் அழுத்தும்.

செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்று தேடுங்கள். வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் மூன்றுக்கும் அந்த அனுமதியை அணைத்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களின் போனில் இதை முதலில் செய்யுங்கள். ஆக்சஸிபிலிட்டி பக்கத்தில் தெரியாத ஆப் எதுவும் 'ஆன்' நிலையில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஜெராக்ஸ் கடைக் கணினியில் ஜிமெயில் திறந்து பிரின்ட் எடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். கடையின் மெயில் முகவரிக்குக் கோப்பை அனுப்பினால் வேலை முடிந்தது. ஏற்கெனவே எங்கோ லாகின் செய்துவிட்டு வெளியேற மறந்திருந்தால், செக்யூரிட்டி பக்கத்தில் 'யுவர் டிவைசஸ்' பட்டியலிலிருந்து வீட்டில் உட்கார்ந்தபடியே அந்தக் கணினியை வெளியேற்றலாம்.

கொல்லைக் கதவு

இனிச் சொல்வதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. உள்ளே வந்தவன் அவசரப்படமாட்டான். பாஸ்வேர்டை மாற்றினால் நீங்கள் விழித்துக்கொள்வீர்கள். அதனால் ஒன்றையும் தொடாமல், தனக்கு ஒரு கொல்லைக் கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போவான். அதன்பின் நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினாலும் அது பெரும்பாலும் அப்படியே திறந்திருக்கும்.

இதைப் பார்க்கக் கணினி வேண்டும், போன் ஜிமெயில் ஆப்பில் இந்தப் பக்கங்கள் தெரியாது. ஜிமெயிலில் பல்சக்கரம், 'சீ ஆல் செட்டிங்ஸ்' போங்கள். 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரஸஸ்' திறந்தால், களவுபோன கணக்கில் இப்படி ஒரு வரி இருக்கக்கூடும்: உங்கள் வங்கியின் முகவரியிலிருந்து வரும் மெயில், செய்ய வேண்டியது, இன்பாக்ஸைத் தாண்டிப் போ, படித்ததாகக் குறி, அழி. வங்கி எச்சரிக்கை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். நீங்கள் மட்டும் பார்க்கமாட்டீர்கள். நீங்கள் போடாத ஃபில்டர் எதுவானாலும் நீக்குங்கள். அழிந்த மெயில் டிராஷில் 30 நாள் கிடக்கும், நீக்கிய கையோடு அங்கேயும் தேடுங்கள்.

அடுத்து 'ஃபார்வர்டிங்' பக்கம். அங்கே உங்களுக்குத் தெரியாத முகவரி இருந்தால் உங்கள் மெயிலெல்லாம் அங்கும் போய்க்கொண்டிருக்கிறது. ஃபார்வர்டிங் புதிதாகப் போட்டால் முதல் வாரம் இன்பாக்ஸின் மேலே ஒரு அறிவிப்பு நிற்கும். கணினியில் மெயிலே திறக்காதவருக்கு அது கண்ணில் படாமலே போகலாம். 'அக்கவுண்ட்ஸ் அண்ட் இம்போர்ட்' பக்கத்தில் 'சென்ட் மெயில் ஆஸ்' வரியைப் பாருங்கள். களவுபோன கணக்கில் 'ரிப்ளை-டு' (பதில் போய்ச் சேரும்) முகவரியில் உங்கள் பெயரே இருக்கலாம், ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். நண்பர்கள் உங்களுக்கு எழுதும் பதில் அவனுக்குப் போக அது போதும். அதே பக்கத்தில், உங்கள் மெயிலைத் திறக்க வேறொருவருக்கு அனுமதி தரும் 'கிரான்ட் ஆக்சஸ்' வரி காலியாக இருக்க வேண்டும்.

செக்யூரிட்டி பக்கத்துக்குத் திரும்பி, உங்கள் கணக்கோடு இணைந்த வெளி ஆப்களின் பட்டியலைத் திறங்கள். 2017 மே 3-ல் 'கூகுள் டாக்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு போலி ஆப், மெயில் படிக்கவும் தொடர்புகளைப் பார்க்கவும் அனுமதி கேட்டு மிக வேகமாகப் பரவியது. யாருடைய பாஸ்வேர்டும் திருடப்படவில்லை, எல்லோரும் தாங்களே 'அலவ்' அழுத்தினார்கள். மெயில் படிக்கும் அனுமதியோடு இருக்கும், நீங்கள் பயன்படுத்தாத எதையும் வெட்டிவிடுங்கள். 2-ஸ்டெப் கேட்காமலே கணக்கைத் திறக்கும் 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்டு' ஏதும் உருவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கணினி ஜிமெயிலின் கீழ் வலது மூலையில் பொடி எழுத்தில் 'லாஸ்ட் அக்கவுண்ட் ஆக்டிவிட்டி' என்று ஒரு வரி உண்டு. பக்கத்தில் உள்ள 'டீடெயில்ஸ்' அழுத்தினால் கடைசியாக எங்கிருந்து, எந்த வழியாகக் கணக்கு திறக்கப்பட்டது என்று வரும். ஊர் கொஞ்சம் தள்ளிக் காட்டினால் பதற வேண்டாம், மொபைல் நெட்டில் திருநெல்வேலிக்காரருக்குச் சென்னை என்று காட்டுவது சகஜம். வேறு நாடு என்றால் நின்று பாருங்கள்.

கைமாறிவிட்டால்

முதலில் ஓர் அடையாளம். ஒரு மணி நேரத்துக்குள் நூற்றுக்கணக்கான 'சந்தா உறுதி செய்யுங்கள்' மெயில்கள் வந்து குவிந்தால், அது குப்பையாகத் தெரிந்தாலும் புகைமூட்டம். அதற்குள் உங்கள் கார்டில் நடந்த ஒரு வாங்கலோ பாஸ்வேர்டு மாற்றமோ புதைந்திருக்கும். அன்சப்ஸ்கிரைப் அழுத்திக்கொண்டிருக்காமல் வங்கி, ஆர்டர், பேமென்ட் என்ற சொற்களைப் போட்டுத் தேடுங்கள்.

உள்ளே நுழைய முடியவில்லையென்றால் கூகுளின் கணக்கு மீட்புப் பக்கம்தான் ஒரே வழி. வழக்கமாக மெயில் பார்க்கும் அதே போன், அதே பிரவுசர், அதே வீட்டு வைஃபையிலிருந்து முயலுங்கள். கூகுள் இவற்றையும் சாட்சியாக எடுத்துக்கொள்கிறது. ஊருக்குப் போன இடத்தில் உறவினர் லேப்டாப்பில் முயன்று தோற்றவர்கள் வீட்டுக்கு வந்து திறந்ததுண்டு. பழைய பாஸ்வேர்டு கேட்டால் நினைவிலுள்ள கடைசிப் பாஸ்வேர்டைக் கொடுங்கள். திருடன் மீட்பு எண்ணை மாற்றியிருந்தாலும், முன்பு இருந்த எண்ணையோ மெயிலையோ 7 நாள் வரை பயன்படுத்தலாம். ஆகவே நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ள வேண்டாம். கூகுள் கஸ்டமர் கேர் என்று தேடி வரும் தொலைபேசி எண் எதையும் கூப்பிடாதீர்கள். சாதாரண ஜிமெயில் கணக்கை மீட்டுத் தரும் தொலைபேசிச் சேவை எதுவும் இல்லை. அந்த எண்ணில் பேசுபவர் இரண்டாவது திருடன்.

வைரஸ் புகுந்ததாகச் சந்தேகம் உள்ள கணினியில் பாஸ்வேர்டை மாற்றாதீர்கள், புதியதும் அதே வழியில் போகும். சுத்தமான வேறு போனில் வேலையைத் தொடங்குங்கள். முதலில் மீட்பு எண், மீட்பு மெயில் இரண்டிலும் அந்நியர் இருந்தால் நீக்கி, உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். அடுத்து 'யுவர் டிவைசஸ்' பட்டியலில் கையிலுள்ள போனைத் தவிர எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். குக்கீ திருடியவனை வெளியே தள்ளுவது இந்தப் படிதான். பிறகு 2-ஸ்டெப்பில் உங்களுடையதல்லாத எண், பாஸ்கீ இருந்தால் நீக்குங்கள், அத்தென்டிகேட்டரை அழித்துப் புதிதாகப் போடுங்கள், பேக்அப் கோடுகளையும் புதிதாக எடுங்கள். அதற்குமேல் மேலே சொன்ன கொல்லைக் கதவுகள் ஒவ்வொன்றையும் மறுபடி பார்த்துவிடுங்கள்.

கணினிக்கு டிஃபென்டரின் 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட்டுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டி, 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்', 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' என்று போனால் இருக்கும். கணினி தானாக அணைந்து எழுந்து, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே சோதிக்கும். கால் மணி நேரம் ஆகும். கிராக் சாஃப்ட்வேர் போட்ட கணினியானால் ஸ்கேனோடு திருப்திப்படாமல் விண்டோஸைப் புதிதாகவே நிறுவுவது மேல்.

குரோமில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகள் எல்லாம் போயின என்றே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள்: வங்கி முதலில், அடுத்து வருமான வரி, பிஎஃப், அதற்குப் பின் இன்ஸ்டாகிராம் வகையறா. பணம் போயிருந்தால் இதற்கெல்லாம் காத்திராமல் முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் இடையில் உள்ள வங்கிக் கணக்கில் நிறுத்தி வைக்க முடியும், அதற்கு மணிக்கணக்கு முக்கியம். பணம் போகவில்லை என்றாலும் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் ஒரு புகார் பதிந்து அதன் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். 'சென்ட்' பெட்டியைத் திறந்து உங்கள் பெயரில் யார் யாருக்கு மெயில் போயிருக்கிறது என்று பார்த்து, அவர்களை மெயிலில் அல்லாமல் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.